சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் தூக்கக் கணக்கு

ராத்திரி எட்டு மணி நேரம் பாயில் கிடந்தும் காலையில் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அந்த எட்டு மணி நேரம் எத்தனை துண்டாக உடைந்தது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். உடம்பைத் தேற்றுகிற ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பாதியிலேயே வருகிறது. பிள்ளை மணிக்கு ஒரு தரம் சிணுங்கினால் சுற்று எதுவும் முழுதாக ஓடாது. அதனால்தான் உடையாத ஐந்து மணி நேரத் தூக்கம், ஆறு துண்டாகக் கிடைக்கிற எட்டு மணி நேரத்தைவிட மேல்.

முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். வீட்டில் பிள்ளையைப் பார்க்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு ராத்திரியில் குறைந்தது நான்கு, முடிந்தால் ஐந்து மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம் வேண்டும். இது அமையாத வீட்டில் சத்துமாவு, யோகா, நல்ல வார்த்தை எதுவும் எடுபடாது.

ராத்திரியை இரண்டாக வெட்டுங்கள். 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை இன்னொருவர். முறையில்லாதவர் அந்த ஐந்து மணி நேரமும் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் படுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அப்பா முறையில் அப்பா எழுந்து பிள்ளையைத் தூக்குவார். பக்கத்திலேயே படுத்திருக்கிற அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அது தூக்கத்தில் சேராது. இன்னொரு அறை இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மதுரையில் செல்லூர், முனிச்சாலைப் பக்கம் ஒற்றை அறை வீடுகள் நிறைய. அங்கே முறையில்லாதவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து, தலைமாட்டில் டேபிள் ஃபேனைச் சத்தமாக ஓட விட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பானைக் காதில் வைத்துக்கொள்ளலாம். கோடையில் மொட்டை மாடியும் ஓர் அறைதான்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இது நடக்காது என்று ஒரு பேச்சு உண்டு. முதல் ஆறு வாரத்தில் அதில் உண்மை இருக்கிறது. பால் சுரப்பு நிலைபெறும் காலம் அது. சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம் என்பதால் ராத்திரிப் பாலை மொத்தமாக நிறுத்தக் கூடாது. ஆனால் பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடுத்தவர் செய்யலாம். பிள்ளையைத் தூக்கி வந்து மார்பில் விடுவது, குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, திரும்பத் தூங்க வைப்பது என்று பட்டியல் நீளம். அம்மா 20 நிமிடத்தில் மறுபடி படுத்துவிடலாம். எல்லாவற்றையும் அவளே செய்தால் அதே வேலைக்கு ஒரு மணி நேரம் போகும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு, ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கலாம். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் மதுரை வீட்டுக்குள் அந்த வெப்பநிலை ஏசி போட்டால்தான் உண்டு. அதனால் எடுத்த கையோடு, கொதிக்க வைத்து ஆறிய மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். கதவுத் தட்டில் வேண்டாம், உள்பக்கம் வையுங்கள். அங்கே 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்கி, சங்கிலோ பாலாடையிலோ ஊட்டலாம். குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ராத்திரி 1 மணிக்கு மேல் வீடு திரும்புகிற வேலை இந்த ஊரில் நிறைய: பரோட்டா கடை, பஸ், ஆஸ்பத்திரி, மாட்டுத்தாவணிச் சந்தை. அப்படி வருகிறவர் வந்ததும் படுப்பதில்லை, எப்படியும் ஒரு மணி நேரம் போனில் போகும். 1 முதல் 5 வரை அவர் முறை என்று வைத்துவிட்டு, 5-லிருந்து 11 வரை அவர் தூக்கத்தை வீட்டில் யாரும் கலைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரு துண்டு முழுதாகக் கிடைக்கும். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் முறை போட ஆள் கிடையாது. அங்கே அம்மா பிள்ளையோடு சேர்ந்து 8:30-க்கே படுப்பதும், வாரத்தில் இரண்டு ராத்திரியாவது அம்மாச்சியோ தங்கச்சியோ வந்து படுக்கிற மாதிரி நாளைக் குறித்து வைப்பதும்தான் வழி. "வேணும்னா கூப்பிடு" என்பதை நம்பி இருந்தால் கூப்பிடவே மாட்டோம்.

தூளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க ஒரு கை தூளிக் கயிற்றில் இருக்க, உட்கார்ந்தபடியே அரைத்தூக்கம் போடுகிற அம்மாக்கள் அனேகம். பச்சைப் பிள்ளையின் தூக்கச் சுற்று நம்முடையதைவிடச் சிறியது, 50 நிமிடம், ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை லேசாக விழிக்கும். தூங்கப் போனபோது எது இருந்ததோ அதுவே அப்போதும் இருந்தால் தானாகத் திரும்பத் தூங்கும். ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை அசையாத துணிக்குள் விழித்தால், மறுபடி ஆட்டச் சொல்லி அழும். பசி இல்லை, வயிற்று வலி இல்லை, ஆட்டம் நின்றதுதான் காரணம்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளையிடம் இதை மெல்ல மாற்றலாம். ராத்திரியின் முதல் தூக்கத்தில் ஆரம்பியுங்கள். நாள் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கிறக்கம் அப்போதுதான் அதிகம் இருக்கும். பகல் தூக்கத்தில் ஆரம்பித்தால் தோற்பீர்கள். கண் சொருகும் வரை ஆட்டி, முழுதாகத் தூங்கும் முன் நிறுத்தி, பாயில் கிடத்தித் தட்டிக்கொடுங்கள். அழுதால் தூக்கி அமர்த்தி மறுபடி கிடத்துங்கள். மூன்றாம் நாள் அழுகை கூடுவதுபோல் தெரியும். அந்த ராத்திரியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்; விட்டால், இன்னும் சத்தமாக அழுதால் தூளி கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். காய்ச்சல், சளி, பல் முளைக்கிற நேரங்களில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தூளியில் வேறு ஆபத்தும் உண்டு. கழுத்து நிற்காத பிள்ளையின் தாடை நெஞ்சில் பதிந்து மூச்சு முட்டலாம். தூங்கியதும் எடுத்து, சமமான பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். சுற்றித் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம்.

பிள்ளை ஏன் இத்தனை தரம் எழுகிறது என்பதற்கு மதுரையில் இன்னும் இரண்டு பதில் உண்டு: தளமும் கொசுவும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மேல்மாடி வீட்டில் ஃபேனை வேகமாக வைத்தால் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் பிள்ளை மேல் தள்ளும். தண்ணீர் வசதி இருந்தால் பொழுது சாய்ந்ததும் மாடியில் நாலைந்து வாளி தெளிக்கலாம். மாடிக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட் அடித்தால் வருஷக் கணக்கில் பலன் தரும். ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்த பிறகு டேபிள் ஃபேனை ஜன்னலில் உள்பக்கம் பார்த்து வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஏசி என்றால் 26, 27-ல் வைத்துக்கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடலாம். 20-ல் வைத்தால் விடியக்காலை மூக்கடைத்துப் பிள்ளை எழுந்துவிடும். கொசுவுக்கு வலைதான். மூடிய அறையில் சுருள் கொளுத்தினால் அந்தப் புகையே இருமலாக எழுப்பும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, ஆகவே மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

பகலில் எவ்வளவு தூங்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்குப்படி, ராத்திரியும் பகலும் சேர்த்து 4 முதல் 11 மாதப் பிள்ளைக்கு 12–16 மணி நேரம், 1–2 வயதில் 11–14, 3–4 வயதில் 10–13. மூன்று வயதுப் பிள்ளை மதியம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி 11 மணி வரை குதித்தால் அது பிள்ளையின் குற்றமில்லை. 3:30-க்கு மேல் தூங்க விடாதீர்கள். 1 வயது தாண்டிய பிள்ளை ஒரு நாளில் 3 மணி நேரம் ஓடியாடி இருக்க வேண்டும் என்பதும் அதே 2019 கணக்குத்தான். வெயில் தாழ்ந்து 5:30-க்கு மேல் தெப்பக்குளக் கரையோ, காந்தி மியூசியம் பக்கத்துச் சிறுவர் பூங்காவோ, அதுவும் இல்லாவிட்டால் தெருவோ போதும். ஏழு மணிக்குச் சாப்பாடு, பிறகு குளியல், எட்டரைக்கு விளக்கணைப்பு. இந்த வரிசை மாறாமல் இருந்தால் பத்து நிமிடம் முன்பின் ஆவது பரவாயில்லை.

"பிள்ளை தூங்குறப்ப நீயும் தூங்கு" என்று பார்க்க வருகிற எல்லோரும் சொல்வார்கள். பாத்திரத்தை யார் விளக்குவது என்று யாரும் சொல்வதில்லை. நடைமுறையில் எடுபடுகிற வழி இது: பிள்ளை தூங்கியதும் முதல் 25 நிமிடம் படுங்கள், மிச்ச நேரத்தில் வேலை. வேலையை முதலில் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று போனால், சின்னப் பிள்ளைகளின் பகல் தூக்கம் பல சமயம் 40 நிமிடத்திலேயே முடிந்துவிடும், நீங்கள் தலை சாய்க்கும்போது அது எழும். அலாரம் வைத்து 20–25 நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கிடந்தால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ வேண்டிவரும். தலை கனத்து, படுத்ததற்குப் படுக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

காபியைக் குறை சொல்ல மனமில்லை. ஆனால் குடித்த காபியின் வீரியம் பாதியாக ஐந்து மணி நேரம் வரை ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். கடைசி காபியை 2 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று சின்ன டம்ளரோடு நிறுத்துவது நல்லது; பிறந்த பிள்ளையின் உடம்பில் காபியின் சத்து வெளியேற நாள் கணக்கில் ஆகும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் அசதி போகவில்லையா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நகமும் உதடும் வெளுத்திருக்கிறதா? அப்போது பிரச்சினை ரத்தத்தில் இருக்கலாம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்தது. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம், ஆணுக்கு 13 கிராம் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

குறைவு என்றதும் நம் ஊரில் பேரீச்சம்பழம், பீட்ரூட், மாதுளை என்று வாங்கிக் குவிப்பார்கள். நிறம் சிவப்பாக இருப்பதால் இரும்பு அதிகம் என்று ஆகிவிடாது. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கைகண்டது. கறிக்கடையில் காலையிலேயே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். மிளகு, சீரகம் போட்டு வதக்கினால் போதும். இருந்தாலும் ஹீமோகுளோபின் 9, 10 என்று இருந்தால் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது, மாத்திரை வேண்டும். கர்ப்பத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டியது. பல வீட்டில் பிள்ளை பிறந்த அன்றே அந்த அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம் டீ. டீ, காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எதுவும் இரும்பு மாத்திரையோடு சேரக் கூடாது. டீ, காபிக்கு ஒரு மணி நேரம், சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேடச் சொல்லி டாக்டரிடம் போங்கள். ஏறிய பிறகும் இரண்டு, மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும்.

தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவமான ஒரு வருஷத்துக்குள் சில பெண்களுக்கு அது ஏறி இறங்கும். முடி கொட்டுவதும் அசதியும் "பிள்ளை பெத்த உடம்பு" என்ற கணக்கில் போய்விடும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு வாரம் கழித்தும், பிறகு வருஷா வருஷமும் சர்க்கரை பார்க்க வேண்டும். இன்னொன்று: பிரசவமானவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிற பத்தியம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. பால் கொடுக்கிற உடம்பு, மதுரை வெயில், இதில் தண்ணீரை மறுத்தால் மலச்சிக்கலும் தலைவலியும்தான் மிச்சம். அப்பத்தாவிடம் சண்டை போட வேண்டாம். சீரகத் தண்ணீர், மோர், கஞ்சித் தண்ணி என்று பெயரை மாற்றிக் குடித்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கிற பெண்ணுக்கு வழக்கத்தைவிட 500, 600 கலோரி அதிகம் தேவை. நடப்பதோ வேறு: காலையில் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு டீயும் ரெண்டு பிஸ்கட்டும். பதினோரு மணிக்குக் கை நடுங்கும். ஒரு கையால் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி எப்போதும் இரண்டு பொருள் சமையல்கட்டில் இருக்கட்டும்: அவித்த முட்டை, சுண்டல், கடலை மிட்டாய், பொரிகடலை உருண்டை. முதல் நாள் ராத்திரி காய்ச்சி வைத்த கம்பங்கூழைக் காலையில் மோர் விட்டுக் கரைத்தால் அடுப்புப் பற்ற வைக்காமலே ஒரு வேளை முடியும். தெருவில் பருத்திப்பால் வண்டி வந்தால் ஒரு டம்ளர் வாங்கிக் குடிப்பதில் தப்பே இல்லை.

மாவு விஷயத்துக்கு வருவோம். வாரத்துக்கு இரண்டு தரம் அரைத்தால் போதும். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரைத்ததை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றை மட்டும் புளிக்க விடுங்கள். மற்றதைப் புளிக்காமலே ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டும் என்கிற நாளுக்கு முந்தின ராத்திரி வெளியே எடுங்கள். கோடையில் 5, 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் காலையில் மேடையைத் துடைக்கிற வேலை கூடும். தேங்காய்ச் சட்னி தங்காது. வெங்காயம் தக்காளித் தொக்கு எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கினால் ஃப்ரிட்ஜில் நாலு நாள் இருக்கும். வெஞ்சனத்துக்கும் அதுவே ஆகும். கடை மாவு வாங்குவதை யாராவது குத்திக்காட்டினால், அரைக்கிற முறையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

பிள்ளை அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படித்தால் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில்தான் அது தொடங்கியது. வீட்டுச் சாப்பாடு இல்லையே என்று கூச்சப்படாமல் அனுப்பினால் காலை அரை மணி நேரம் மிச்சம். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு அங்கன்வாடி. அங்கே விட்டுவிட்டு வந்து அந்த நேரத்தில் வீட்டைத் துடைக்காமல் படுத்தீர்கள் என்றால் அதற்காகத்தான் அனுப்பினீர்கள் என்று அர்த்தம்.

கை வேலையைவிட ஆளைச் சாப்பிடுவது நினைவு வேலை.

"ஏங்க, டயப்பர் தீந்துபோச்சு."

"சொல்லிருந்தா வர்றப்பவே வாங்கிட்டு வந்திருப்பேன்ல."

அவர் வாங்கத் தயார்தான், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எத்தனை மிச்சம் இருக்கிறது, எப்போது தீரும், எந்த அளவு, எங்கே மலிவு என்பது முழுக்க அவள் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையைப் பாதியாகப் பிரிக்காதீர்கள், முழுதாகக் கொடுங்கள். தடுப்பூசி ஒருவர் பொறுப்பு என்றால் அட்டையைப் பத்திரப்படுத்துவது, அடுத்த தேதியைப் பார்ப்பது, லீவு சொல்வது, கூட்டிப் போவது, அன்று ராத்திரிக் காய்ச்சலுக்கு விழித்திருப்பது வரை அவரே. கேஸ் பதிவு, பால் கணக்கு, வேன் பணம், டயப்பர் எல்லாவற்றையும் இப்படியே மொத்தம் மொத்தமாகப் பிரித்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்ட பிறகு பின்னால் நின்று திருத்தக் கூடாது. பிள்ளைக்குச் சட்டை பொருந்தாமல் போட்டுவிட்டால் பொருந்தாமலே பள்ளிக்கூடம் போகட்டும்.

பெரியவர்களிடம் உதவி கேட்கும்போது "கொஞ்சம் பாத்துக்கங்க அத்தை" என்று பொதுவாகச் சொன்னால், அவர்கள் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள், நமக்கோ அரை மணிகூட நிம்மதியாக விட முடியாது. "4 மணியிலருந்து 6 மணி வரைக்கும் நீங்க, நான் படுக்குறேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். முட்டி வலி உள்ள அறுபத்தைந்து வயதுக்காரரிடம் ஓடுகிற இரண்டு வயதுப் பிள்ளையை விடுவதைவிட, அவரைக் கைக்குழந்தையோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் பெரிய பிள்ளையோடு போவது நல்லது.

திருவிழாவும் முகூர்த்தமும் வந்தால் எல்லாம் குலையும். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று எல்லாவற்றுக்கும் கைக்குழந்தையோடு போக ஆசைப்பட்டால், பிறகு பிள்ளையின் தூக்கம் பழைய நேரத்துக்குத் திரும்ப நாலைந்து நாள் பிடிக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர் என்றால் தேர். அழகரை டிவியில் பார்த்தாலும் கும்பிடலாம்.

தூக்கம் கெட்டவர்கள் செய்கிற தப்புகளில் பயப்பட வேண்டியது மருந்துத் தப்பு. பாராசிட்டமால் மூன்று அளவில் கிடைக்கிறது: சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி., ஒரு சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி., இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250 மி.கி. கிலோவுக்கு 15 மி.கி. என்று எடுத்தால் 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி.; சொட்டில் அது 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. ராத்திரி 2 மணிக்கு அரைக்கண்ணோடு, போன தடவை கொடுத்த அதே 6 மில்லியைப் புது பாட்டிலில் எடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். வீட்டில் ஒரே அளவு பாட்டில்தான் இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன மில்லியைப் பாட்டில் மேல் மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்: மணி, மருந்து, மில்லி, கொடுத்தவர். அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுப்பது அப்போதுதான் நிற்கும். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே கிடையாது, உடனே ஆஸ்பத்திரி.

குளிப்பாட்டும் வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்கு மேல் வெந்நீர். தூக்கக் கலக்கத்தில் வரிசை மாறினால், தவழ்ந்து வருகிற பிள்ளை கை விடுவது கொதிக்கிற நீரில். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், நம் சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டிக் குடித்தவருக்குச் சமம் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி வண்டியில் போகிற காலையில் இதை நினைத்துக்கொண்டு ஆட்டோ பிடியுங்கள். சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே கண் அசருவதைவிட, தரைப் பாயில் படுத்துக் கொடுப்பது ஆபத்துக் குறைவு.

கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பசி, துணி, காய்ச்சல் எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை, உங்களுக்குக் கை ஓங்குகிற கோபம் வருகிறது என்றால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வாசலுக்கு வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவே வரலாம்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்குகிற நேரத்திலும் உங்களால் தூங்க முடியவில்லை என்றால், பிள்ளையைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை என்றால், அது வெறும் அசதியில்லை. அப்பாக்களுக்கும் இது வரும். அவர்களிடம் எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும். 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆளைத் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்ப நேரும். எத்தனை வாரமாக, ராத்திரி மொத்தம் எத்தனை மணி நேரம், படுத்தால் தூக்கம் வருகிறதா, பசி எப்படி, பயமுறுத்துகிற நினைப்பு ஏதாவது உண்டா என்று ஐந்து வரி எழுதி எடுத்துப் போய், அந்தத் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.